தொண்டும் ஒப்புரவும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

தமிழில் 'தொண்டு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பயன் கருதாது பிறர்க்கு ஆற்றும் பணி ஒன்று, அடிமைத்தனம் மற்றொன்று. அகராதிகள் இவ்விரு பொருளையும் அருகருகே வைத்தே தருகின்றன. இறைவனுக்கு அடிமை பூணுதலைப் பெரும்பேறாகக் கருதிய பக்தி இயக்கத்தில் இவை முரணின்றி இணைந்தன. சமூக வாழ்விலோ அவை அவ்வாறு எளிதில் இணைவன அல்ல. ஒருவன் தானே விரும்பிச் செய்யும் பணிக்கும், மறுக்க வழியின்றிச் செய்யும் பணிக்கும் இடையிலுள்ள தூரம் சுதந்திர மனிதனுக்கும் அடிமைக்கும் இடையிலுள்ள தூரமேயாகும்.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து, ஆயினும் தனித்தனியே வகுத்தமை ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. ஈகை என்பது உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது; கொடுப்பவனும் பெறுபவனும் அங்கு வெவ்வேறு தளங்களில் நிற்பர். ஒப்புரவு என்பது ஒருங்கு வாழ்வோர் ஒருவருக்கொருவர் பயன்பட வாழ்தல். இன்று கொடுப்பவன் நாளை பெறுபவனாக நிற்கக் கூடும் என்ற உணர்வே அதன் அடிப்படை.

இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்து, சட்டங்களாலும் நிதியுதவிகளாலும் ஊக்குவிக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவிய 'தன்னார்வத் தொண்டு' என்ற கருத்து இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் பொறுத்தவரை அக்கருத்து என்ன பொருள் தருகின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஐரோப்பாவில் தொண்டு

முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில், பியர் செரசோல் என்ற சுவிற்சர்லாந்து நாட்டவர் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை அண்டிய எஸ்ன் என்னும் சிற்றூரில் ஒரு தொண்டர் முகாமை அமைத்தார். போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒன்றுகூடி, இடிந்த ஊரைக் கட்டியெழுப்புதல் அவரது நோக்கமாயிருந்தது. நோக்கம் உயர்ந்தது, எனினும் ஜேர்மானியர் வந்து தம் ஊரைக் கட்டுவதை அப்பகுதியினர் அனைவரும் வரவேற்கவில்லை. சில மாதங்களிலேயே முகாம் கலைந்தது. சர்வதேசத் தொண்டு இயக்கத்தின் முதல் அனுபவமே பெறுபவரின் சம்மதம் பற்றிய அனுபவமாக அமைந்தமை கவனிக்கற்பாலது. கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்ற பாடத்தை அது கற்பித்தது. 1934இல் பீகாரைப் பூகம்பம் அழித்தபோது செரசோல் அங்கு வந்து பணியாற்றியதன் மூலம் அவ்வியக்கம் ஆசிய மண்ணிலும் கால்பதித்தது.

தனிமனிதரின் உள்ளுணர்விற் பிறந்த இக்கருத்தைக் காலப்போக்கில் அரசுகள் கையேற்றன. ஜேர்மனி 1964இல் இளைஞர்க்கான தன்னார்வச் சமூக சேவை ஆண்டு பற்றிய சட்டத்தை இயற்றியது. இத்தாலி 1991இல் தொண்டு அமைப்புகளுக்கான சட்டத்தையும், பிரான்சு 2010இல் குடிமைச் சேவைச் சட்டத்தையும் நிறைவேற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் ஐரோப்பியத் தன்னார்வச் சேவை என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. 2011ஆம் ஆண்டைத் தன்னார்வத் தொண்டு ஆண்டாகப் பிரகடனஞ் செய்தது. பின்னர் இளைஞர்க்கென ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படையையும் அமைத்தது.

இத்திட்டங்களில் தொண்டு புரியும் இளைஞன் வெறுங்கையுடன் விடப்படுவதில்லை. அவனுக்குப் பயணச் செலவு, உணவு, உறைவிடம், காப்புறுதி, கைச்செலவுப் பணம் ஆகியன வழங்கப்படுகின்றன. பணியின் முடிவில் சான்றிதழும் கிடைக்கின்றது. இவை யாவற்றிலும் முக்கியமானது, தொண்டு என்பது ஊதியம் பெறும் தொழிலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்ற நியதியாகும். தொண்டை ஊக்குவிக்கப் புகுந்தோரே அதற்கு ஒரு வேலியும் இட்டனர். வேலி இல்லாவிடின் தொண்டு மலிவான உழைப்பாக மாறிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அந்த வேலி எப்போதும் உறுதியாக நின்றது எனக் கூறுவதற்கில்லை. ஜேர்மனியில் கட்டாய இராணுவ சேவை 2011இல் நிறுத்தப்பட்டபோது, அதற்கு மாற்றாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இளைஞர் ஆற்றிவந்த குடிமைப் பணியும் நின்றுபோயிற்று. அவ்வெற்றிடத்தை நிரப்பவே அதே ஆண்டில் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை ஏற்படுத்தப்பட்டது. கட்டாயத்தினாற் செய்யப்பட்ட வேலையின் இடத்தில் விருப்பத்தினாற் செய்யப்படும் வேலை வந்து அமர்ந்தது. வேலை ஒன்றே, பெயர் வேறு. தொண்டின் பெயரால் நிகழ்வனவற்றைப் பெயரைக்கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எவ்வாறாயினும் ஐரோப்பிய முறைமை ஓர் எடுகோளின் மீதே கட்டப்பட்டுள்ளது. தொண்டு புரிபவன் குடியுரிமை உடையவன். தன் நேரத்துக்குத் தானே உரியவன். 'இயலாது' என்று கூறினால் எதனையும் இழக்காதவன். இந்த எடுகோள் பொருந்தாத இடத்தில் தொண்டு என்னவாகும் என்ற வினாவுக்கு ஊவாத் தோட்டங்கள் விடை தருகின்றன.

2. உழைப்புத் தமதாகாதோர்

தானம் செய்வதற்குப் பொருள் தன்னுடையதாக இருத்தல் வேண்டும். உழைப்பைத் தானம் செய்வதற்கும் உழைப்புத் தன்னுடையதாக இருத்தல் வேண்டும். ஆனால் மலையகத் தொழிலாளரின் வரலாறு உழைப்பு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வரலாறாகும். கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் 'துண்டு' என்னும் சீட்டே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பை நிர்ணயித்தது. கடனைச் செலுத்தும் துரைக்கு ஆளும் கைமாறினான். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைகளாகப் பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே எஞ்சியோரின் பிரசாவுரிமையை உறுதிசெய்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை.

தோட்டத்தின் மொழியில் ஒரு நாளைய வேலைக்கு 'பேர்' என்று பெயர். நிறுவையில் குறித்த அளவு கொழுந்து சேராவிடின் முழுப்பேர் அரைப்பேராகும். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக் களத்துக்குச் சென்று, பொழுது சாயும்வரை மலையில் நின்று, திரும்பி வந்து விறகும் தண்ணீரும் தேடும் பெண்ணுக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலப் போராட்டத்தின் பின்பே 2021இல் வர்த்தமானி மூலம் நிறைவேறியது; 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. அத்தொகையும் 'பேர்' விழுந்த நாட்களுக்கே உரியது. 'ஓய்வு நேரத்தைப் பயனுள்ள வழியிற் செலவிடுக' என்ற ஐரோப்பிய அழைப்பு இங்கு ஒலிக்கும்போது அதற்குச் செவிசாய்க்கும் ஓய்வே இல்லை.

இந்நிலையில் சிரமதானம் பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் கனத்தொலுவைக் கிராமத்தில் நடத்திய முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் பிறந்தது. இலங்கைக் கிராமங்களில் அது ஆற்றிய பணி மறுக்கற்பாலதன்று. கிராமத்தவர் கூடி ஒரு வீதியை வெட்டினால் அது அவர்களின் வீதியாகும். குளத்தைத் திருத்தினால் அது அவர்களின் வயலுக்கு நீர் தரும். தோட்டத்திலோ வீதியும் பீலியும் லயத்தின் கூரையும் அவற்றின் கீழுள்ள மண்ணும் பிறருடையவை. தொழிலாளர் தம் ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டு லயத்தின் கூரையைச் செப்பனிட்டால் அவ்வுழைப்பு நிர்வாகத்தின் சொத்தையே பெருக்குகின்றது. நிர்வாகம் செய்யவேண்டிய கடமையை அவர்கள் இலவசமாகச் செய்தவராகின்றனர். வடமொழியில் 'சிரமம்' என்பது உழைப்பைக் குறிக்கும்; தமிழர் செவியில் அது துன்பம் என்றே படும். தோட்டத்தைப் பொறுத்தவரை தமிழர் செவி தவறாகக் கேட்கவில்லை. ஆதலின் இங்கு குறை சிரமதானத்தின் மீதன்று, நிலவுடைமையின் மீதாகும்.

3. வெளியிலிருந்து வரும் தொண்டு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அச்செய்தி பரவியவுடன் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞரும் மாணவரும் வர்த்தகரும் சமய நிறுவனத்தினரும் விரைந்து வந்தனர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி உணவும் உடையும் வந்து குவிந்தன. நெடுங்காலம் இனப்பகையாற் சீரழிந்த ஒரு நாட்டில் இந்நிகழ்வின் மாண்பைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

எனினும் விமர்சனத்தின் கடமை அம்மாண்பைப் போற்றுவதுடன் முடிவதில்லை. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. மக்கள் அங்கிருந்து அகலவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அகன்று செல்வதற்கு வேறு நிலமோ வீடோ அவர்களுக்கு இல்லை. அவ்வொன்பது ஆண்டுகளில் தேவைப்பட்டது இரக்கம் அன்று. சில ஏக்கர் நிலமும் அதனை ஒதுக்கித் தரும் பொறுப்புணர்வுமாகும். மலை சரிந்தபின் இரக்கம் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. உயிர் தப்பியோர் பலர் மாக்கந்தெனியாவில் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையிலே காத்திருக்க, வீடு வந்து சேர 2016 வரை சென்றது. எழுபத்தைந்து குடும்பங்களுக்கு அவ்வாண்டில் வீடுகள் கையளிக்கப்பட்டன.

தொண்டு பிழை செய்தது என்பது இதன் பொருளன்று. கடமை தவறிய இடத்தைத் தொண்டு நிரப்பும்போது, தவறிய கடமை கண்ணுக்குப் புலப்படாது போய்விடுகின்றது என்பதே பொருள். குவிந்த பொதிகளின் உயரம் புகைப்படங்களிற் பதிவாகும். விடுக்கப்பட்ட எச்சரிக்கை கோப்புகளில் உறங்கும். பதினோராண்டுகள் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டம் மீண்டும் பெரும் மண்சரிவுகளுக்கு உள்ளானது. மீண்டும் தொண்டர்கள் விரைந்தனர். ஈகை ஒவ்வொரு முறையும் தன் கடனைச் செய்கின்றது. ஈகை தேவைப்படாத நிலைமையை உருவாக்கும் கடன் எவர் தலையிலும் விழுவதில்லை.

ஊவாவின் தலைசிறந்த எழுத்தாளர் ஒருவர் இவ்வுண்மையை வேறு வகையில் உணர்த்தியுள்ளார். 1934இல் பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகனாகப் பிறந்து, தாமும் ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். அவரது 'மீன்கள்' என்ற சிறுகதை ஒரே காம்பராவில் முடங்கிக் கிடக்கும் குடும்பத்தின் அவலத்தை மையமாகக் கொண்டது. அக்குடும்பத்துக்கு ஆறுதல் மொழியோ அன்பளிப்போ விமோசனம் தராது. இன்னுமோர் அறை வேண்டும், அவ்வளவே. அறை என்பது இரக்கத்தின் விடயமன்று, உரிமையின் விடயம் என்பதை அக்கதை எந்தப் பிரசங்கமும் இன்றி வாசகனுக்குப் புலப்படுத்திவிடுகின்றது. தொண்டு பற்றிய அறிக்கைகள் பல காணத் தவறியதை ஒரு சிறுகதை கண்டிருக்கின்றது.

4. தொண்டர் என்னும் பெயர்

தொண்டு என்ற சொல் மிகக் கடுமையாகத் துஷ்பிரயோகம் செய்யப்பட்ட துறை கல்வியாகும். நிர்வாகத்தின் கீழ் ஓராசிரியர் பள்ளிகளாய் இயங்கிவந்த தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களிற் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பொறுப்பேற்றபின்னும் ஆசிரியர் பற்றாக்குறை தொடர்ந்தது. அவ்வேளையில் தோட்டங்களிற் கல்விகற்று உயர்ந்த இளைஞரும் யுவதிகளும் 'தொண்டர் ஆசிரியர்' என்ற பெயரில் வகுப்பறைகளுக்குள் நுழைந்தனர். சம்பளம் இல்லாமலோ, பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறுதொகையைப் பெற்றோ, என்றாவது ஒருநாள் நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் ஆண்டுக்கணக்கிற் கற்பித்தனர். பின்னர் ஆசிரிய உதவியாளர் என்ற பதவி வந்தபோதும் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாவாகவே நிர்ணயிக்கப்பட்டு, போராட்டங்களின் பின்பே 10,000 ரூபாவாக உயர்ந்தது.

அவர்களின் அர்ப்பணிப்பு ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் நியமனத்தை எதிர்பார்த்து நிற்பவர் 'இனி வரமாட்டேன்' என்று கூற இயலாதவர். கூறினால் காத்திருந்த ஆண்டுகள் யாவும் வீணாகும். மறுக்க முடியாத பணி தொண்டாகாது. அரசு கொடுக்கவேண்டிய சம்பளத்தை வறிய குடும்பத்தின் பிள்ளை தன் இளமையாற் செலுத்தியமையே அங்கு நிகழ்ந்தது. ஐரோப்பியர் இட்ட வேலி இங்கு இடப்படவில்லை. தொண்டு ஊதியத் தொழிலின் இடத்தில் உட்காரவைக்கப்பட்டது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. மலையகக் கல்விக்கு ஐரோப்பா அளித்த மிகச் சிறந்த உதவி தொண்டர்களை அனுப்பியமையன்று. 1980களிற் சுவீடனின் உதவியால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் கிடைத்தன. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியிலிருந்து வெளிவந்தோர் சம்பளம் பெறும், பயிற்சி பெற்ற, மலையகத்தையே சேர்ந்த ஆசிரியராயினர். வெளியார் ஒருவர் ஓராண்டு வந்து கற்பித்துச் செல்வதினும் உள்ளூரார் ஒருவர் முப்பது ஆண்டுகள் கற்பிக்க வழிசெய்தல் மேலானது என்பதற்கு விரிவான விளக்கம் வேண்டியதில்லை.

5. பெயரிடப்படாத ஒப்புரவு

இதுவரை கூறியவற்றால் தோட்ட மக்கள் தொண்டின் பயனாளிகள் மட்டுமே என்ற எண்ணம் ஏற்படலாம். அது பெரும் பிழையாகும். ஒருவர் இறந்தால் லயமே திரண்டு நிற்கும். குழி வெட்டுவதும் சோறாக்குவதும் துக்க வீட்டுப் பிள்ளைகளைக் காப்பதும் அயலவர் பொறுப்பாகும். மரண சகாய நிதிச் சங்கங்கள் சிறுசிறு சந்தாக்களைக் கொண்டு பல தலைமுறைகளாக இயங்கிவந்துள்ளன. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஆடுவோரும் பாடுவோரும் பந்தல் இடுவோரும் கூலிக்கு ஆடுவதில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் தலைவியும் பகலில் மலையில் நின்று, இரவில் பிறர் வழக்கைப் பேசுகின்றனர். 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்து, அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடைபெற வேண்டும் என்ற நிலையைத் துரையை ஏற்கச் செய்தனர். அச்சபையில் அமர்ந்தோர் எவரும் சம்பளத்துக்கு அமர்ந்தவரல்லர். ஐரோப்பியத் தொண்டு இயக்கம் 'செயலூக்கமுள்ள குடியுரிமை' என்று இன்று கூறுவதைக் குடியுரிமை உறுதிப்படாத மக்கள் அன்றே செய்து காட்டினர்.

இவை தொண்டு என்ற பெயரிற் கணக்கெடுக்கப்படுவதில்லை. பதிவு செய்யப்பட்ட நிறுவனம் இல்லை, அறிக்கை இல்லை, சான்றிதழ் இல்லை. எனவே, வெளியார் எழுதும் திட்டங்களில் தோட்டம் எப்போதும் 'பங்கேற்பு அற்ற சமூகம்' ஆகவே தோற்றுகின்றது. வள்ளுவர் ஒப்புரவு என்றதை இவர்கள் வாழ்ந்துகொண்டிருக்க, ஈகைக்குரிய பாத்திரங்களாக மட்டுமே இவர்களைக் காணும் பார்வை குறையுடையது.

அதேவேளை உள்ளிருப்பனவற்றை யெல்லாம் இலட்சியமாக்கிக் காட்டுவதும் உண்மைக்கு மாறாகும். இழவு வீட்டிலே தப்பு அடிப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர் ஆகியோரின் பணி, அவர்கள் விரும்பிச் செய்த பணியாக என்றும் இருந்ததில்லை. சாதி விதித்த கடமையாக அது அவர்கள் மீது சுமத்தப்பட்டது. கோயில் திருவிழாவுக்கான பணம் சம்பளத்திலிருந்தே கழிக்கப்படும் தோட்டங்களில் கொடுக்க விரும்பாதவருக்கு மறுக்கும் வழி இல்லை. பொதுக் காரியம் என்ற பெயரில் பெண்களின் மீது விழும் மேலதிக வேலையும் இத்தகையதே. வெளியார் தொண்டை அளக்கும் அதே கோலால் உள்ளார் தொண்டையும் அளத்தல் வேண்டும். மறுக்கும் உரிமை உண்டா என்பதே அக்கோல்.

6. முடிவுரை

தொண்டை ஊக்குவித்தல் என்பது முதலில் தொண்டு செய்யக்கூடிய மனிதரை உருவாக்குதலாகும். ஐரோப்பிய நாடுகள் கைச்செலவும் காப்புறுதியும் வழங்குவது தம் இளைஞரின் சுதந்திரத்தைப் பேணுவதற்கே. ஊவாத் தோட்டங்களில் அதே பணியைச் செய்யவல்லவை சான்றிதழ்களல்ல. வாழ்வதற்குப் போதுமான சம்பளமும், உறுதியுடன் கூடிய நிலமும், பாதுகாப்பான வீடுமேயாகும். 2015இன் பின் லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தமை அவ்வழியில் வைத்த ஓரடி. தன் மண்ணில் நின்று அயலவனின் சுவருக்குக் கல் தூக்கும் தொழிலாளி செய்வதே முழுமையான சிரமதானம்.

பல்கலைக்கழகங்களிலிருந்து விடுமுறைக்காலத்தில் தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. அவர்களுட் பலர் அம்மலைகளிலிருந்தே வந்தவர்கள். தாயின் அரைப்பேர்களையும் முழுப்பேர்களையும் சேர்த்துப் படித்தவர்கள். அவர்கள் அங்கு நடத்தும் இரவுப் பாடசாலையும் கருத்தரங்கும் ஈகையாக அமையலாம்; ஒப்புரவாகவும் அமையலாம். கொடுக்கப் போகின்றோம் என்ற எண்ணத்துடன் சென்றால் அது ஈகையாகவே முடியும். கிடைக்காத சம்பளத்தையும், ஒதுக்கப்படாத நிலத்தையும், கோப்பில் உறங்கும் எச்சரிக்கையையும் அம்மக்களுடன் சேர்ந்து கேள்விக்குட்படுத்தும் அளவுக்குச் சென்றால் அது ஒப்புரவாகும். 'தொண்டு' என்ற சொல்லிலிருந்து அடிமைத்தனம் என்ற பழம்பொருள் உதிர்வது அப்பொழுதேயாம்.